பேரில்லாத தண்ணீர்

நான் சத்தியம் தவறாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு உங்களுக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றலாம்.

பெயர் நிபாரண் ஹால்தார். நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். எங்கள் வட்டாரத்தில் பாதி நிலம் தண்ணீருக்குள் இருக்கிறது. மீதிப் பாதி, தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கிறது. ஆகவே நிலத்தைவிடத் தண்ணீரை அளப்பதுதான் என் பிழைப்பு. எது ஆறு, எது ஓடை, எது பீல், எது பாவோர் என்று பிரித்துச் சொல்ல அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. என் மனைவி தருலதாவுக்கு இதில் பெரிய மரியாதை கிடையாது. "எதுவா இருந்தா என்ன, ஒரு குடம் கொண்டாந்து வைங்க" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இச்சாமதி ஆற்றில் தூண்டில் போடுவேன். மீன் பிடிப்பேன் என்று சொல்லவில்லை. தூண்டில் போடுவேன். இரண்டும் வேறு.

எங்கள் ஊரில் தூண்டில்காரன் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஓர் இரைப் பக்குவம் உண்டு. பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லமாட்டான். என் பக்குவத்தில் வறுத்த கடுகுப் பிண்ணாக்கு, சிவப்பெறும்பு முட்டை, பாலைத் திரித்து எடுத்த பனீர், பசு நெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை ஜாதிக்காய் எல்லாம் உண்டு. இதையெல்லாம் பிசைந்து உருட்டி ஒரு இரவு ஊறவைத்துப் பார்த்தால் நமக்கே ஒரு வாய் சாப்பிடத் தோன்றும். மீன்களும் விரும்பித்தான் சாப்பிட்டன. சாப்பிட்டுவிட்டு அவை பாட்டுக்குத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. பத்து வருஷமாக இச்சாமதி மீன்களுக்கு நான் அன்னதானம் செய்துவந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

துர்கா பூஜை முடிந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தபோதுதான் வினை வந்தது. தருலதா பாயசம் வைக்க உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஏலக்காய் டப்பா எங்கே?"

"அலமாரியிலதான் இருக்கும்."

"டப்பா இருக்கு. ஏலக்காய் எங்கே?"

நான் பேப்பர் படித்தேன்.

"நெய் ஜாடி காலியா இருக்கே?"

"பூனை..."

"பூனை மூடியைத் திறந்து நக்கிட்டு மறுபடி மூடி வெச்சுதா? எல்லாம் ஆத்துக்குள்ள போயிடுச்சா?"

"எல்லாம் இல்ல. ஒரு பகுதி."

"எங்கண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார். அவருக்கு வெறும் பால்சோறு. மீனுக்கு நெய்யும் ஏலக்காயும். உங்களுக்குப் பொண்ணு குடுத்தது எங்க வீடா, அந்த மீனுங்களா?"

"மெதுவாப் பேசு. மச்சான் காதுல விழப்போகுது."

"விழட்டும். இங்க வாங்க. என் தலைமேல கையை வைங்க."

"எதுக்கு?"

"இனிமே ஆத்துல தூண்டில் போடமாட்டேன்னு சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் தலையைத் தொட்டுச் சத்தியம் என்றால் விளையாட்டில்லை. மீறினால் தலைக்குரியவருக்கு ஆகாது. தருலதாவின் தலை எனக்கு வேண்டிய தலை. இத்தனை வருஷத்தில் அவளிடம் இதை நேராகச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவைக்கிறேன். கையை வைத்தேன். ஆற்றில் தூண்டில் போடமாட்டேன் என்று சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தேங்காய் துருவச் சொன்னாள், துருவினேன். கொசுவலையில் ஓட்டை தைக்கச் சொன்னாள், தைத்தேன். தைக்கும்போதுதான் மூளை வேலை செய்தது. நான் சத்தியம் செய்தது ஆற்றைப் பற்றி. ஆறு என்றால் ஆறு. பாவோர் எப்படி ஆறாகும்?

இச்சாமதிக்கு நேராகப் போகத் தெரியாது. வளைந்து வளைந்து போகும். ஏதோ ஒரு வெள்ளத்தில் திடீரென்று புத்தி வந்து, வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேரே ஓடிவிடும். விட்டுப்போன வளைவு மாட்டு லாடம் மாதிரி அங்கேயே கிடக்கும். நாளாவட்டத்தில் இரண்டு முனையும் மண் மூடிக்கொள்ளும். அதுதான் பாவோர். அதற்கும் ஆற்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதை நான் எத்தனையோ வரைபடங்களில் பச்சை மையும் நீல மையும் வைத்துப் பிரித்திருக்கிறேன். என் வீட்டு விவகாரத்தில் பிரிக்கக்கூடாதா?

அதற்கடுத்த ஞாயிறு பாவோருக்குப் போனேன். மீன்கள் பசியோடு இருந்தன. இரை உருண்டை முழுக்கத் தீர்ந்தது. தூண்டிலில் ஒன்றும் மாட்டவில்லை. ஆனாலும் மனசு நிறைந்து வீடு திரும்பினேன்.

தருலதா வேட்டியைத் துவைக்க வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"சும்மா, ஆத்தங்கரைப் பக்கம் காத்து வாங்க."

"இது ஆத்துச் சேறு இல்லையே."

"சேத்துல என்னடி ஆத்துச் சேறு, குளத்துச் சேறு?"

"ஆத்துச் சேத்துல மணல் கலந்திருக்கும். காஞ்சதும் உதறினா போயிடும். இது கறுப்பா அப்பிக்கிட்டிருக்கு. சணல் ஊறின நாத்தம் வேற. பாவோர்ல முழங்கால் வரைக்கும் இறங்கியிருக்கீங்க. தூண்டில் போட்டீங்களா?"

"போட்டேன். அதனால என்ன? ஆத்துலதானே போடமாட்டேன்னு சொன்னேன்? பாவோர் ஆறு கிடையாது."

பிறகு விளக்கினேன். தரையில் அடுப்புக்கரியால் படம் போட்டே விளக்கினேன். வெடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மோவாயில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பெண் மாதிரி கேட்டாள்.

"அப்போ ஆறு விட்டுட்டுப் போயிட்டா, அதுக்கு வேற பேரு."

"ஆமா."

"புருஷன் விட்டுட்டுப் போனா பொம்பளைக்கும் ஊர்ல வேற பேருதான் வைக்கிறாங்க. சரி, வாங்க. கையை வைங்க. பாவோர்லயும் போடமாட்டேன்னு சொல்லுங்க."

வைத்தேன். சொன்னேன்.

குளிர்காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வெயில்காலமும் போயிற்று. மழை பிடித்தது. ஊருக்குத் தெற்கே இருக்கும் பீல் நிரம்பியது. பீல் என்பது தாழ்வான நிலத்தில் மழைத்தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்வது. உருவம் கிடையாது, கரை கிடையாது. மழைக்காலத்தில் ஊரளவு, வெயில்காலத்தில் பாயளவு. யாரும் அதை ஆறு என்றோ பாவோர் என்றோ சொல்லமுடியாது. போனேன்.

இந்தத் தடவை முன்யோசனையோடு நடந்துகொண்டேன். வேட்டியை அங்கேயே அலசிவிட்டேன். வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழையாமல், தருலதாவுக்குப் பிடித்த அல்லித்தண்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்தேன். இறால் போட்டு அல்லித்தண்டு வதக்கினால் அவள் இரண்டு தட்டு சாதம் சாப்பிடுவாள்.

"எங்க கிடைச்சுது?" என்றாள், முகம் மலர.

"சந்தையில. வர்ற வழியில பார்த்தேன். உன் ஞாபகம் வந்துச்சு."

"சந்தையில வாங்கினா வாழைநார் போட்டுக் கட்டியிருப்பாங்களே. இது வேரோட வந்திருக்கு. பிடுங்கினவன் தண்ணிக்குள்ள நின்னிருக்கான்."

"விக்கிறவன் அப்பதான் பிடுங்கிட்டு வந்தானாம்."

"அப்படியா. உங்க கணுக்கால்ல தொங்குதே, அதையும் அவன்தான் வித்தானா?"

குனிந்து பார்த்தேன். அட்டை. நல்ல சாப்பாடு சாப்பிட்டுக் கொழுத்திருந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் என் கையால் சாப்பிட்டுக் கொழுக்காத ஜீவன் எதுவும் இல்லை போலிருக்கிறது.

"ஓடற தண்ணியில அட்டை நிக்காது" என்றாள் தருலதா, உப்பை எடுத்துத் தூவிக்கொண்டே. "பாவோர்ல அல்லி இவ்வளவு நீளம் வராது. பீல். சொல்லுங்க, பீல்ல போடமாட்டேன்னு. கையை நானே எடுத்து வெச்சுக்கிறேன். நீங்க அசையாதீங்க, ரத்தம் வருது."

அடுத்துப் போன ஓடையைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. ஓடை குறுகலானது. அதனால் அதன் குறுக்கே மூங்கில் பாலம் உண்டு. பாலத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் போவார்கள், வருவார்கள். அவர்கள் எல்லோரும் தருலதாவுக்குச் சிநேகிதிகள். நான் வீடு வந்து சேருவதற்கு முன்பே சத்தியத்துக்குத் தலையைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கறையாக விசாரித்தாள்.

"இன்னும் என்னென்ன தண்ணி பாக்கி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"மடு?"

"அது ஆத்துக்குள்ளேயே ஆழமா இருக்கிற இடம். ஆத்துச் சத்தியத்துல சேர்ந்துடும்."

"குளம்?"

"மனுஷன் வெட்டினது. ஒவ்வொரு குளத்துக்கும் சொந்தக்காரன் தடியோட நிப்பான்."

"கடல்?"

"நாலு மணி நேரம் ரயில்ல போகணும். போனாலும் கடல் மீனுக்கு என் இரை ஒத்துக்காது."

"பாவம்" என்றாள். இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள். அவள் ஜெயித்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தோற்றுவிட்டேன் என்று எனக்கும் தெரிந்தது. ஒரு நல்ல மனைவிக்கும் ஒரு சாதாரணக் கணவனுக்கும் இடையில் இதற்குமேல் என்ன இருக்க முடியும்? தூண்டிலைத் துடைத்துப் பரணில் போட்டேன். அழவில்லை. கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷ வெள்ளம் வந்தது, வடிந்தது. வெள்ளம் போன பிறகு எல்லை போய்விட்டது என்று வயல்காரர்கள் மனுக் கொடுப்பார்கள். நான் அளவைச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போவேன். அப்படி ஒரு நாள் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், பாழடைந்த செங்கல் சூளைக்குப் பின்னால் போனபோது, வரைபடத்தில் நெல்வயல் என்று இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது.

வெள்ளம் ரயில் மேட்டைத் தாண்டிக் குதித்த இடம் அது. குதித்த வேகத்தில் பூமியைக் குடைந்துவிட்டு, தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது.

நான் கரையைச் சுற்றி நடந்தேன். தொழில்முறையில்தான் நடந்தேன். தண்ணீர் ஓடவில்லை. ஆகவே ஆறு இல்லை, ஓடை இல்லை. வளையவில்லை, உருண்டையாக இருந்தது. பாவோர் இல்லை. கரை செங்குத்து, சுற்றிலும் சுத்தமான மணல். அல்லி இல்லை, அட்டை இல்லை. மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன், கழி முழுகியது, தரை தட்டவில்லை. பீல் இல்லவே இல்லை. மனிதன் வெட்டவில்லை, ஆகவே குளமும் இல்லை. ஊரில் யாரும் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பேர் இல்லை. வரைபடத்தின்படி அது நெல்வயல். சொந்தக்காரர் கல்கத்தாவில் இருக்கிறார். நெல்வயலில் தூண்டில் போடமாட்டேன் என்று நான் எவர் தலையிலும் சத்தியம் செய்யவில்லை.

அப்போது நடுத்தண்ணீரில் ஒன்று புரண்டது. வெள்ளத்தோடு வந்து, போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட பெரிய கட்லா மீன். அதன் முதுகைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இனி நான் செய்த ஏற்பாடுகளைக் கவனியுங்கள். ஏலக்காயைச் சொந்தக் காசில் வாங்கினேன். இரையை அலுவலகத்தில் மேஜை டிராயருக்குள் நாலு நாள் ஊறவைத்தேன். பக்கத்து மேஜைக்காரர் எலி செத்திருக்கிறது என்று இரண்டு நாள் தேடினார். பரணிலிருந்து தூண்டிலை இறக்கி, அளக்கும் கோல்களோடு கோலாகக் கட்டி வெளியே கொண்டுபோனேன். "ஞாயித்துக்கிழமையும் அளவையா?" என்றாள் தருலதா. "வெள்ள வருஷம். அரசாங்க வேலை" என்றேன்.

அன்று சாயங்காலம் கட்லா மாட்டியது.

ஒருவன் வாழ்க்கையில் சில தருணங்கள் உண்டு, கல்யாணம், குழந்தை பிறப்பது மாதிரி. அவை இரண்டும் எனக்கு இவ்வளவு படபடப்பைக் கொடுக்கவில்லை. தூண்டில் நரம்பு என் உள்ளங்கையை அறுத்தது. இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். கடைசியில் மணலில் கொண்டுவந்து போட்டபோது, இப்போது புகுந்த வீட்டில் இருக்கும் என் மகளைப் பிறந்தவுடன் கையில் வாங்கிய எடையைப்போல மூன்று மடங்கு இருந்தது. மணலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து வருஷம் நெய் வார்த்ததற்குக் கைமேல் பலன்.

அப்புறம்தான் உறைத்தது. இதை எப்படி வீட்டுக்கு எடுத்துப்போவது? எடுத்துப்போனால் எங்கே பிடித்தாய் என்பாள். சொன்னால் அந்தத் தண்ணீரும் போயிற்று. சொல்லாவிட்டால் மீன் போயிற்று. விற்கவும் மனசில்லை. என் மீனை நான் தின்னவேண்டாமா?

மீனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ரயில் கேட் வரைக்கும் வந்தேன். எதிரே சைக்கிளில் ஜதின் சாஹா வந்தான். பக்கத்து வீட்டுக்காரன், துணிக்கடை வைத்திருக்கிறான், அவனும் தூண்டில்காரன். மீன் பிடித்ததைவிடப் பிடித்ததாகச் சொன்னது அதிகம்.

"அண்ணா, சாக்குல என்ன?"

திறந்து காட்டினேன். ஜதின் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டான்.

"எங்க பிடிச்சீங்க?"

"அது உனக்கு எதுக்கு? ஒரு உதவி செய். இதை நீ பிடிச்சதாச் சொல்லி எங்க வீட்டுல கொண்டுபோய்க் குடு. பாவோர்ல பிடிச்சேன்னு சொல்லு."

"நானா? நான் பிடிச்சதாவா?" யோசிக்கிற மாதிரி நடித்தான். "உங்களுக்காகப் பொய் சொல்றேன்ணா. வேற யாருக்காகவும் சொல்லமாட்டேன்."

அவன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதும் நான் சுதாரித்திருக்கவேண்டும்.

வீட்டுக்குப் போய்க் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தருலதா பார்த்துவிட்டாள்.

"கையில என்ன காயம்?"

"அளக்கிற சங்கிலி கிழிச்சிருச்சு."

மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினாள். சற்று நேரத்தில் ஜதின் சாக்கோடு வாசலில் வந்து நின்றான். "அண்ணி! உங்களுக்காகத்தான் பிடிச்சேன்!"

தருலதா மீனைப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்தாள். "அடேயப்பா! ஜதின் தம்பி, நீங்களா? எங்க வீட்டுக்காரர் பத்து வருஷமாத் தூண்டில் போட்டார், ஒரு கெண்டைக்குஞ்சு பார்க்கலை. கைராசின்னா இதுதான். நாளைக்கு மத்தியானம் நீங்க இங்கதான் சாப்பிடணும்."

எங்கள் வீடுகளில் மீனின் தலை யாருக்குப் போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. முதல் தடவை வரும் மாப்பிள்ளைக்கு வைப்பார்கள். பரீட்சையில் தேறிய பையனுக்கு வைப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யார் பெரிய மனிதன் என்பதைத் தலை சொல்லிவிடும். பத்து வருஷமாக நான் ஒரே ஒரு ஆசையோடுதான் தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருந்தேன். நான் பிடித்த மீனின் தலை என் தட்டில் விழவேண்டும்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். கடுகு அரைத்த வாசனை தெருமுனை வரை வந்தது. ஜதின் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். தருலதா பெரிய வெண்கலக் கிண்ணத்தில் தலையை வைத்துக் கொண்டுவந்தாள். கண்ணும் வாயுமாக முழுத்தலை. அது என்னைத்தான் பார்த்தது.

கிண்ணத்தை ஜதின் முன்னால் வைத்தாள். எனக்கு வால் துண்டு வந்தது.

"அண்ணி, இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஜதின் தலையை உடைத்தான்.

"பிடிச்சவங்களுக்குத்தானே தம்பி தலை. எப்படிப் பிடிச்சீங்க, சொல்லுங்க. கேக்க ஆசையா இருக்கு."

"அதை ஏன் கேக்கறீங்க அண்ணி! அரை மணி நேரம் போராட்டம். அது இழுக்குது, நான் இழுக்கறேன். நரம்பு கையை அறுத்துருச்சு."

"ஐயோ, எங்க, காட்டுங்க."

ஜதின் கையைக் காட்டினான். பட்டுத்துணி மாதிரி இருந்தது.

"ஆறிடுச்சு" என்றான்.

"ஒரு ராத்திரியில! நல்ல உடம்பு உங்களுக்கு. பாவோர் மீன் வயிறு கறுத்திருக்குமே, இது வெள்ளைவெளேர்னு இருக்கே?"

"இது கொஞ்சம் சிவப்பான ஜாதி அண்ணி. அதாவது, வெளுப்பான ஜாதி."

நான் வால் துண்டில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாலில் சதையைவிட முள் அதிகம். பொறுத்துக்கொண்டேன். தண்ணீர் என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தலை போனால் போகட்டும், அடுத்த ஞாயிறு இருக்கிறது.

"இரை என்ன போட்டீங்க தம்பி?" என்றாள் தருலதா. "இவரு ஏதேதோ போடுவாரு. நெய்யாம், பனீராம்."

ஜதின் மூளையை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "அதெல்லாம் வீண் அண்ணி. வெறும் மண்புழு. குப்பைமேட்டுல தோண்டினது."

"மண்புழுவா!"

கத்தியது நான். எழுந்தே விட்டேன். வால் துண்டு தட்டிலிருந்து எகிறியது.

"மண்புழுவா? அடேய், அந்தக் கட்லா மண்புழுவைத் திரும்பிப் பார்த்திருக்குமா? எறும்பு முட்டை, பசு நெய், ஜாதிக்காய்! நாலு நாள் ஊறவெச்ச இரை! என் இரை! என் மீன்! தலையை வெச்சுடு கீழே!"

ஜதின் வைக்கவில்லை. இன்னும் வேகமாக உறிஞ்சினான். தருலதா விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக எனக்கு வீசினாள்.

"உக்காருங்க. நீங்க பிடிச்சதா?"

"நான் பிடிச்சதுதான்!"

"எதுல? ஆறா?"

"இல்ல!"

"பாவோரா, பீலா, ஓடையா? என் தலைமேல கை வெச்சிருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"எதுவும் இல்ல! ஓடலை, வளையலை, அல்லி இல்ல, அட்டை இல்ல! ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம், செங்கல் சூளைக்குப் பின்னால, வெள்ளம் குடைஞ்சுட்டுப் போன தண்ணி. மூங்கில் கழி முழுகற ஆழம். இன்னும் எத்தனை கட்லா கிடக்குதோ. என் வரைபடத்துல அது நெல்வயல். நான் சத்தியம் மீறலை!"

ஜதின் உறிஞ்சுவதை நிறுத்தினான். "சூளைக்கு எந்தப் பக்கம்ணா?" என்றான் மரியாதையாக.

"கிழக்கே. அத்திமரத்துக்கு..." என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். மூடும்போது எல்லாம் வெளியே வந்துவிட்டிருந்தது.

தருலதா விசிறியைக் கீழே வைத்தாள். நான் அவள் கை என் கையைப் பிடித்துத் தலைக்கு இழுக்கும் என்று காத்திருந்தேன். இழுக்கவில்லை.

"நியாயம்" என்றாள். "நீங்க மீறலை. அதுக்குப் பேரு என்ன?"

"பேரே கிடையாது" என்றேன் கம்பீரமாக.

"ஐயோ பாவம். இவ்வளவு நல்ல தண்ணிக்கு ஒரு பேரு இல்லாம." நடுத்துண்டு ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள். "அங்க போடமாட்டேன்னு நான் சத்தியம் கேக்கப்போறதில்ல. போங்க. ஞாயித்துக்கிழமைதானே?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நான் முதல் தடவையாக ஜெயித்தேன். தலை போனதுகூட வருத்தமாக இல்லை. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் விசிலடித்துக்கொண்டு திரிந்தேன். தருலதாவே என் இரைக்கு ஏலக்காய் தட்டிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை தூண்டிலை மறைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போனேன். ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கமே சைக்கிள்கள் நின்றன. சூளைக்குப் பின்னால் போனால் கரை முழுக்கக் குடை, குடைக்கு அடியில் ஆள், ஆள் கையில் தூண்டில். ஒருவன் அடுப்பு மூட்டி மண்குவளையில் டீ விற்றுக்கொண்டிருந்தான். இன்னொருவன் பொரி விற்றான். அத்திமரத்தடியில், என் இடத்தில், ஜதின் உட்கார்ந்திருந்தான்.

நான் இடம் தேடி அலைவதைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு ஆள் அனுதாபமாகச் சொன்னான்: "லேட்டா வந்துட்டீங்க பாபு. நிபாரண் பீல்ல இடம் வேணும்னா விடியறதுக்குள்ள வரணும்."

"எந்த பீல்?"

"நிபாரண் பீல். யாரோ சர்வேயராம், அவர் பேரு. பெரிய மனுஷன்னு சொல்றாங்க."

ஜதினிடம் போனேன். அவன் தூண்டில் மிதப்புக்கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் விஷயத்தைச் சொன்னான். வியாழக்கிழமை தருலதா தெருப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாளாம். புதுத் தண்ணீரை முறைப்படி பூஜித்துப் பேர் வைக்காமல் அதில் குடம் முக்கக்கூடாது என்பது எங்கள் பெண்களின் வழக்கம். புரோகிதர் வந்தார். சங்கு ஊதினார்கள், குலவையிட்டார்கள், தண்ணீருக்குக் குங்குமம் தெளித்தார்கள். என்ன பேர் என்று புரோகிதர் கேட்டபோது தருலதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கணவன் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஜதின் மனைவியின் காதில் சொன்னாளாம். அவள் உரக்கச் சொன்னாளாம். எல்லோரும் கைதட்டினார்களாம்.

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை அண்ணா!" என்றான் ஜதின். "போடுங்களேன் தூண்டிலை, கொஞ்சம் நகர்ந்துக்கறேன்."

நான் போடவில்லை. பீலில் போடமாட்டேன் என்று கணுக்காலில் ரத்தம் ஒழுக ஒழுகச் செய்த சத்தியம்.

அது பீல் இல்லை என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் மேலதிகாரியிடம் முறையிடுவது என்று போனேன். அவரே கூப்பிட்டார்.

"ஹால்தார் பாபு, வாழ்த்துகள்! உங்க பேருல ஒரு பீலாமே. வரைபடத்துல நெல்வயல்னு கிடக்கு. மாத்தி எழுதிடுங்க."

"சார், அது பீல் வகையில வராது. கரை செங்குத்தா இருக்கு. ஆழம் ரொம்ப. மழைத்தண்ணியும் இல்ல, வெள்ளம் குடைஞ்சது. அல்லி, அட்டை..."

"அதெல்லாம் யாருக்கு வேணும்? ஜனங்க எப்படிக் கூப்பிடறாங்களோ அப்படித்தானே எழுதறோம்? என்னய்யா, சொந்தப் பேரு வரைபடத்துல ஏறுது, கூச்சப்படறீங்க."

நெல்வயல் என்பதை அடித்துவிட்டு நீல மையில் எழுதினேன். எழுத்து அழகாகவே வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தருலதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"நல்லது. செத்ததுக்கு அப்புறம் பேரு வாங்கறவங்க உண்டு. நீங்க இருக்கும்போதே வாங்கிட்டீங்க. எங்கண்ணனுக்குக் கூடத் தகவல் சொல்லிவிட்டேன்."

"தரு, உண்மையைச் சொல்லு. குளம்னு வெச்சிருக்கலாம். குட்டைன்னு வெச்சிருக்கலாம். வேணும்னேதானே பீல்னு வெச்சே?"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள், முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். "ஆறு, பாவோர், பீல். எனக்கு எல்லாம் தண்ணிதான். பிரிச்சுப் பார்க்கறது உங்க வேலை."

போன ஞாயிறோடு நிபாரண் பீலில் பதினேழு கட்லா பிடித்துவிட்டார்கள். ஊரில் அங்கே தூண்டில் போடாத ஒரே ஆள் நிபாரண்தான்.